வனாந்தரப் பாதை – 14: பதினொரு நாள் வழி

சென்ற வாரம் ஆஸரோத்தில் நின்றோம். தம்பி மோசேயைக் குறைசொன்னதற்காகக் குஷ்டம் கண்ட மிரியாம், பாளயத்துக்கு வெளியே ஏழு நாள் ஒதுக்கி வைக்கப்பட்டாள். அவள் திரும்பி வரும்வரை ஒரு கூடாரமும் பிரிக்கப்படவில்லை. மொத்த ஜனமும் ஒரு பெண்ணுக்காகக் காத்துக்கிடந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியில் மிரியாம் மறுபடி வருவாள்.

உபாகமத்தின் தொடக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு வசனங்கள் இருக்கின்றன. ஓரேப் மலையிலிருந்து சேயீர் மலை வழியாகக் காதேஸ் பர்னேயாவுக்குப் பதினொரு நாள் பயணம் என்கிறது ஒன்று. அதற்கு அடுத்தது, நாற்பதாம் வருஷம் பதினோராம் மாதம் முதல் தேதி என்று தேதி போட்டுத் தொடங்குகிறது. நடுவில் விளக்கம் ஏதும் இல்லை. பதினொரு நாளும் நாற்பது வருஷமும் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எழுதியவர் தெரிந்தேதான் அப்படி வைத்திருக்க வேண்டும்.

இஸ்ரவேலர் நாற்பது வருஷம் பாலைவனத்தில் நடந்தார்கள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். கணக்குப் பார்த்தால் முன்னேறி நடந்த நாட்கள் ரொம்பக் குறைவு. எகிப்தை விட்டுப் புறப்பட்ட மூன்றாம் மாதமே சீனாய்க்கு வந்துவிட்டார்கள். அங்கே ஏறக்குறைய ஒரு வருஷம் தங்கினார்கள். இரண்டாம் வருஷம் இரண்டாம் மாதம் 20ஆம் தேதி கிளம்பினார்கள். வழியில் காடையும் சாவும் புலம்பலும் எல்லாம் ஆகியும், அந்தக் கோடை முடிவதற்குள் கானானின் தெற்கு வாசலில் நின்றார்கள். வாசல்வரை வர இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மீதி 38 வருஷம் எங்கே போயிற்று?

காதேஸிலிருந்து மோசே பன்னிரண்டு பேரை வேவு பார்க்க அனுப்புகிறார். லேவி கோத்திரம் ஆசரிப்புக் கூடாரப் பணிக்கு ஒதுங்கிவிட, யோசேப்பின் வம்சம் எப்பிராயீம், மனாசே என்று இரண்டாகப் பிரிந்து பன்னிரண்டை நிரப்புகிறது. யூதா சார்பில் காலேப். எப்பிராயீம் சார்பில் ஓசேயா. அவனுக்கு மோசே யோசுவா என்று பெயர் மாற்றி அனுப்புகிறார்.

மோசே அவர்களிடம் கொடுத்தனுப்பிய கேள்விகளைப் பாருங்கள். மண் கொழுத்ததா, இளைத்ததா? மரம் உண்டா? ஊர்கள் கூடாரமா, கோட்டையா? ஜனம் கொஞ்சமா, நிறையவா? நிலம் வாங்கப் போகிறவன் தரகரிடம் கேட்கிற கேள்விகள் இவை. படையெடுக்கப் போகிறவனுக்கு அவற்றில் பாதி தேவையில்லை. மண்ணைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் கேட்டவர், அங்கே போய்க் குடியிருப்பதை ஏற்கெனவே மனத்தில் பார்த்துவிட்டார்.

அது முதல் திராட்சை பழுக்கிற பருவம் என்று எண்ணாகமம் குறித்து வைக்கிறது. அப்படியென்றால் ஜூலை, ஆகஸ்டு வெயில். நெகேவின் வறண்ட சரிவுகளைக் கடந்து மலைநாட்டில் ஏறினால் எபிரோன். கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்; இன்றும் திராட்சைக்குப் பேர்போனது. அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஒரே ஒரு குலையை அறுத்து, தடியில் மாட்டி, இரண்டு பேர் தோளில் சுமந்து வந்தார்கள். கூடவே மாதுளையும் அத்தியும். குலைக்கு எபிரேய மொழியில் எஸ்கோல். பள்ளத்தாக்குக்கும் அதுவே பெயராயிற்று.

தடியில் தொங்கும் அந்தக் குலையும், முன்னும் பின்னுமாக இரண்டு ஆட்களும்தான் இன்று இஸ்ரேல் சுற்றுலா அமைச்சகத்தின் சின்னம். வாருங்கள், நாட்டைப் பாருங்கள் என்று அழைக்கிற படம். மூலக்கதையிலோ, அந்தக் குலையைப் பார்த்த பிறகும் அழைத்தவர் பக்கம் யாரும் போகவில்லை.

நாற்பது நாள் கழித்துத் திரும்பியவர்கள் முதலில் பழத்தைக் காட்டினார்கள். பாலும் தேனும் ஓடுகிற நாடுதான், சந்தேகமில்லை என்றார்கள். பிறகு ஓர் ‘ஆனால்’ வந்தது. ஊர்களுக்கு வானுயர மதில். எபிரோனில் ஏனாக்கின் மக்கள் இருக்கிறார்கள். அகீமான், சேசாய், தல்மாய் என்று மூன்று இராட்சதர்களின் பெயரையும் எண்ணாகமம் சொல்கிறது. போவோம், ஜெயிப்போம் என்று குறுக்கிட்டான் காலேப். பத்துப் பேரும் சுருதியை ஏற்றினார்கள். அந்த நாடே குடியிருப்பவர்களைத் தின்கிறது, எங்கள் பார்வைக்கு நாங்களே வெட்டுக்கிளிபோல இருந்தோம், அவர்கள் பார்வைக்கும் அப்படித்தான் என்றார்கள். அவர்கள் பார்வை இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? யாரும் யாரிடமும் பேசியதாகக் கதையில் இல்லை. தன்னைப் பற்றித் தானே போட்ட கணக்கை எதிரியின் வாயில் வைத்துப் பேசுவது பயத்தின் பழைய வழக்கம்.

அன்று இரவு முழுக்கப் பாளயத்தில் ஒப்பாரி. எகிப்திலேயே செத்திருக்கலாம், பெண்டாட்டி பிள்ளைகள் கொள்ளையாகப் போவார்கள், ஒரு தலைவனைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போவோம். எதிர்த்துப் பேசிய யோசுவாவையும் காலேபையும் கல்லெறியப் பார்த்தார்கள். தீர்ப்பு அங்கேயே வந்தது. வேவு பார்த்த ஒரு நாளுக்கு ஒரு வருஷம். நாற்பது நாளுக்கு நாற்பது வருஷம். கணக்கெடுப்பில் பேர் ஏறிய, இருபது வயதும் அதற்கு மேலுமானவர்கள் இந்த மணலிலேயே விழுவார்கள். காலேபும் யோசுவாவும் விலக்கு. கொள்ளையாவார்கள் என்று யாருக்காக அழுதார்களோ அந்தப் பிள்ளைகளே உள்ளே போவார்கள்.

விடிந்ததும் ஜனம் அப்படியே தலைகீழாக மாறியது. தப்புதான், இதோ போகிறோம் என்று மலையேறினார்கள். உடன்படிக்கைப் பெட்டியும் மோசேயும் பாளயத்தை விட்டு அசையவில்லை. அமலேக்கியரும் கானானியரும் இறங்கி வந்து ஓர்மாவரை துரத்தி அடித்தார்கள். போகச் சொன்ன நாளில் போகவில்லை. போகாதே என்ற நாளில் போனார்கள். அதோடு வடக்கு வழி அடைபட்டது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

சீனாயில் எடுத்த கணக்கெடுப்பில் இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் 6,03,550 பேர் என்கிறது எண்ணாகமம். இரண்டு பேர் தவிர அத்தனை பேரும் 38 வருஷத்தில் சாக வேண்டும். வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 43 சாவு. ஆண்கள் மட்டும். பெண்களையும் சேர்த்தால் விடிந்தது முதல் அடைந்தது வரை ஒரே குழிவெட்டும் வேலைதான். இந்த இடைவெளியில் புத்தகம் சொல்கிற சட்டங்களில் ஒன்று, பிணத்தைத் தொட்டவன் சிவப்புக் கிடாரியின் சாம்பல் கலந்த தண்ணீரால் சுத்தமாகிற முறை. பொருத்தமான இடத்தில்தான் அது வந்து விழுந்திருக்கிறது.

ஆறு லட்சம் ஆண்கள் என்றால் குடும்பத்தோடு இருபது லட்சத்துக்கு மேல். சீனாயின் ஊற்றுகள் இத்தனை வாய்க்குத் தாங்காது என்பது அங்கே நடந்து பார்த்த எவருக்கும் தெரியும். பிளிண்டர்ஸ் பெட்ரி அப்படி நடந்து பார்த்தவர். எகிப்தியத் தொல்லியலின் முன்னோடி. 1896இல் தீப்ஸில் மெர்னப்தா மன்னனின் கல்வெட்டைக் கண்டெடுத்தவர். கி.மு. 1208 வாக்கில் வெட்டிய அந்தக் கல்லில்தான் இஸ்ரவேல் என்ற பெயர் பைபிளுக்கு வெளியே முதன்முதலாக, கானான் பகுதியில் வாழும் ஒரு ஜனத்தின் பெயராக, வருகிறது. சீனாய் பற்றி 1906இல் வெளியான நூலில் பெட்ரி ஒரு யோசனை சொன்னார். ‘எலெப்’ என்ற எபிரேயச் சொல்லுக்கு ஆயிரம் என்று பொருள். குடும்பம், கூட்டம் என்றும் பொருள் உண்டு. ரூபன் கோத்திரத்தில் 46 ஆயிரத்து 500 பேர் என்று படிக்கிறோம். அதையே 46 கூடாரம், 500 பேர் என்று படித்தால்? பன்னிரண்டு கோத்திரத்தையும் அப்படிக் கூட்டினால் 598 கூடாரம், 5,550 பேர். ஊற்றுக்கும் மேய்ச்சலுக்கும் கட்டுப்படியாகிற எண்ணிக்கை. எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. எண்ணாகமமே கூட்டுத்தொகையை ஆயிரமாகத்தான் கூட்டிக் காட்டுகிறது என்பது நியாயமான ஆட்சேபம். ஆனாலும் கணக்கைக் கூடாரமாகச் சுருக்கியதும் காட்சி தெளிகிறது. ஐயாயிரம் பேர் என்றால் முகம் தெரியும். இன்றைக்குச் செத்தது இன்னார் மகன் என்று பாளயம் முழுக்கத் தெரியும்.

சரி, காதேஸ் எங்கே இருந்தது?

இன்றைய எகிப்தின் வட சீனாயில், இஸ்ரேல் எல்லைக்குப் பக்கத்தில், பத்துக் கிலோமீட்டர் அளவு இடைவெளியில் இரண்டு ஊற்றுகள் உள்ளன. ஒன்று அயின் காதிஸ். பெயரே காதேஸை ஒலிக்கிறது. 1842இல் ஜான் ரோலண்ட்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் இதுதான் அது என்றார். 1881இல் அங்கே போன அமெரிக்கர் கிளே டிரம்புல், சோலையும் புல்வெளியுமாக அதை வருணித்து ஒரு பெரிய புத்தகமே எழுதிவிட்டார். 1914இன் தொடக்கத்தில் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவர் லெனார்ட் வூலி. மற்றவர் டி.இ. லாரன்ஸ், பின்னாளில் உலகம் அறிந்த அரேபியாவின் லாரன்ஸ். வெளிப்பார்வைக்கு அது பைபிள் நிலத்தின் தொல்லியல் ஆய்வு. உள்ளே துருக்கியர் வசமிருந்த எல்லைப்பகுதியை ஆங்கிலேய ராணுவத்துக்காக வரைபடம் எடுக்கிற வேலை. வேவுக் கதைக்குப் பேர்போன ஊருக்கு வேவுக்காரர்களே வந்து சேர்ந்தார்கள்.

டிரம்புல் கண்ட சொர்க்கத்தை அவர்களால் காண முடியவில்லை. ஒரு கூட்டம் தங்கிப் பிழைக்கிற அளவுக்கு அயின் காதிஸில் தண்ணீர் இல்லை. வடமேற்கே உள்ள அயின் எல்-குதைராத்தில்தான் வற்றாத ஓடை, அதை ஒட்டிப் பச்சைப் பள்ளத்தாக்கு. காதேஸ் என்றால் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பது அந்த இடத்தையே.

அங்கே மண்ணைத் தோண்டியபோது வேறு கேள்வி எழுந்தது. 1956இல் மோஷே தோத்தானும், 1976 முதல் 1982 வரை ருடால்ப் கோஹெனும் அகழ்ந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய கோட்டைகள் கிடைத்தன. அவற்றில் மூத்ததையே கி.மு. 10ஆம் நூற்றாண்டுக்குத்தான் வைத்தார் கோஹென். மெர்னப்தா கல்வெட்டின் காலத்துக்குக் கொண்டுபோகிற மாதிரி ஒரு பெரும் குடியிருப்பின் தடயம் இல்லை. கூடாரவாசிகள் எதை விட்டுச் செல்வார்கள், தோல் மக்கும், சாம்பல் பறக்கும் என்பது ஒரு தரப்பு. எருசலேமின் அரசர்கள் தெற்கு எல்லையில் கோட்டை வைத்திருந்த காலத்தில்தான் இந்த ஊரைச் சுற்றிக் கதை உருப்பெற்றது என்பது மறுதரப்பு. இரு தரப்பும் ஒத்துக்கொள்வது ஒன்று: கதை சொன்னவருக்கு அந்தப் பள்ளத்தாக்கும் அதன் தண்ணீரும் தெரிந்திருந்தன.

புத்தகமும் மண்ணைப் போலவே இங்கே வாய் திறப்பதில்லை. கோராகின் கலகம், துளிர்த்த ஆரோனின் கோல் என்று தேதியில்லாத சில சம்பவங்களைத் தவிர, 38 வருஷத்தைப் பற்றி எண்ணாகமம் கதையாக எதுவும் சொல்லவில்லை. 33ஆம் அதிகாரத்தில் மட்டும் பாளயம் இறங்கிய இடங்களின் பட்டியல் இருக்கிறது. ரித்மா முதல் எசியோன்கேபேர் வரை 18 பெயர்கள். அதற்கப்புறம் மறுபடி காதேஸ். அங்கிருந்து கிளம்பினார்கள், இங்கே இறங்கினார்கள், இவ்வளவுதான். யார் பிறந்தார், யாருக்கு யாரோடு கல்யாணம், எந்த ஆடு எந்த ஓநாய்க்குப் போயிற்று, எதுவும் இல்லை. செக்குமாடு நடந்த தூரத்தை யார் எழுதி வைப்பார்கள்?

திரை மறுபடி விலகும்போது ‘முதலாம் மாதம்’ என்று மட்டும் இருக்கிறது, வருஷம் இல்லை. ஆரோன் செத்த தேதியை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு அதை நாற்பதாம் வருஷம் என்கிறார்கள். பழைய தலைமுறையில் மிஞ்சியவர்கள் ஒரு கையளவு. அவர்களில் மூவர் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்: மிரியாம், ஆரோன், மோசே.

முதலில் மிரியாம். நைல் நதியின் நாணலுக்குள் தம்பியின் பேழையைத் தூரத்தில் நின்று கண்காணித்த அதே அக்காள். ஜனம் காதேஸில் தங்கியது, மிரியாம் செத்தாள், அங்கே அடக்கம் செய்தார்கள்; ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது. துக்கம் கொண்டாடியதாக ஒரு சொல் இல்லை. ஒரு காலத்தில் ஏழு நாள் அவளுக்காகக் காத்திருந்த பாளயம்தான் இது. அடுத்த வசனம், சபைக்குத் தண்ணீர் இல்லாமல் போயிற்று என்கிறது. யூத மரபு இந்த இரண்டு வசனத்தையும் சேர்த்துப் படித்தது. மிரியாமின் புண்ணியத்தால் ஒரு கிணறு இத்தனை வருஷமும் கூடவே வந்தது, அவள் கண் மூடியதும் கிணறும் மறைந்தது என்கிறது தால்முத். அழாமல் விட்டவர்களுக்கு நா வறண்டு புரிந்தது.

தண்ணீர் இல்லை என்றதும் பழைய பாட்டை மகன்களும் பாடினார்கள்: எங்களை ஏன் இந்தப் பொல்லாத இடத்துக்குக் கொண்டுவந்தீர்கள்? கோலை எடுத்துக்கொள், கன்மலையோடு பேசு என்று மோசேக்குக் கட்டளை. மோசே பேசினார், கன்மலையோடு இல்லை, ஜனத்தோடு. கலகக்காரரே என்று கூப்பிட்டு, இந்தப் பாறையிலிருந்து உங்களுக்கு நாங்கள் தண்ணீர் வரவழைக்க வேண்டுமோ என்று கேட்டுவிட்டு, பாறையை இரண்டு தரம் அடித்தார். தண்ணீர் வந்தது. கூடவே தண்டனையும் வந்தது. மோசேயும் ஆரோனும் கானானுக்குள் கால் வைக்க மாட்டார்கள்.

அப்படி என்ன குற்றம்? பேசச் சொன்ன இடத்தில் அடித்தார் என்றார் 11ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் ராஷி. கோபப்பட்டதுதான் குற்றம் என்றார் 12ஆம் நூற்றாண்டின் மைமோனிடீஸ். ‘நாங்கள்’ என்ற சொல்லில்தான் வினை என்றார்கள் வேறு சிலர். முதல் வருஷம் ரெவிதீமில் இதே போல நடந்தபோது அடி என்றுதான் உத்தரவு. அன்று எதிரே நின்றவர்கள் அடியைத் தவிர வேறு எதையும் அறியாத அடிமைகள். இன்று நிற்பவர்களில் பெரும்பாலோர் சாட்டையின் சத்தத்தையே கேட்டிராதவர்கள். அவர்களிடம் சொல்லால் ஆக வேண்டியதைக் கோலால் செய்தார் கிழவர். எனக்குப் பட்டது இது. அவர் ஆகாதவராகிவிடவில்லை, அவர் காலத்து ஆட்கள் போய்விட்டார்கள்.

வடக்கு வழி அடைபட்டதால் கிழக்கே சுற்றிப் போக வேண்டும். நடுவே ஏதோம். யாக்கோபின் அண்ணன் ஏசாவின் வம்சம். பயற்றங்கூழுக்கு மூத்த உரிமையை விற்ற காலம் தொட்டுத் தீராத பங்காளிப் பகை. உம் சகோதரன் இஸ்ரவேல் என்று உறவு சொல்லித்தான் மோசே தூது அனுப்பினார். வயலில் இறங்க மாட்டோம், திராட்சைத் தோட்டத்தில் கை வைக்க மாட்டோம், ராஜபாதையை விட்டு விலக மாட்டோம். எங்கள் ஆடுமாடு தண்ணீர் குடித்தால் காசு தருகிறோம். யோர்தானின் மேட்டுநிலத்தில் வடக்கு தெற்காக ஓடும் அந்தப் பாதையின் தடத்தில் இன்றும் ஒரு நெடுஞ்சாலை போகிறது. ஏதோம் பட்டயத்தோடு வந்து எல்லையில் நின்றது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஓர் எகிப்தியப் பாப்பிரஸ் ஏடு இருக்கிறது. கி.மு. 13ஆம் நூற்றாண்டின் முடிவை ஒட்டியது. எல்லைக் காவல் அதிகாரி ஒருவர் மேலிடத்துக்கு எழுதிய செய்தி அதில் பதிவாகியிருக்கிறது. ஏதோமைச் சேர்ந்த மேய்ச்சல் கூட்டத்தாரைக் கோட்டையைத் தாண்டி உள்ளே விட்டோம். அவர்களும் அவர்கள் மந்தையும் பிழைத்திருக்க பெர்-ஆத்தும் குளங்களுக்கு அனுப்பினோம் என்கிறது அது. தாகத்தோடு வந்த ஏதோமியனுக்கு எகிப்து கதவு திறந்தது. எகிப்திலிருந்து தாகத்தோடு வந்தவனுக்கு ஏதோம் கதவு சாத்தியது. காசு தருகிறேன் என்று சொல்லியும்.

சுற்றுவழி தொடங்கிய இடத்தில் ‘ஓர்’ என்ற பெயருடைய மலை; ஆரோன் செத்தது அங்கேதான் என்கிறது எண்ணாகமம். பெட்ராவுக்கு அருகே வெள்ளைக் குவிமாடம் தெரிகிற ஜெபல் ஹாரூன்தான் அது என்பது யூதரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொண்ட மரபு. அது ஏதோமின் உள்ளே கிடப்பதால் சரிவராது, காதேஸுக்குப் பக்கத்தில் தேட வேண்டும் என்பார்கள் ஆய்வாளர்கள். உபாகமமோ ஆரோன் மோசெராவில் செத்தார் என்று மூன்றாவது பெயர் சொல்கிறது. தேதியில் மட்டும் குழப்பமில்லை: நாற்பதாம் வருஷம், ஐந்தாம் மாதம், முதல் தேதி. வயது 123.

சபையார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க மூன்று பேர் மலையேறினார்கள். மோசே, ஆரோன், ஆரோனின் மகன் எலெயாசார். உச்சியில் மோசே அண்ணனின் ஆசாரிய உடையைக் கழற்றி மகனுக்கு உடுத்தினார். அந்த உடை எப்படிப்பட்டது என்பதை யாத்திராகமம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. பன்னிரண்டு கற்கள் பதித்த மார்ப்பதக்கம். நீல அங்கி. அங்கியின் விளிம்பைச் சுற்றி நூலால் செய்த மாதுளைகளும், அவற்றுக்கு இடையிடையே பொன்மணிகளும். பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போதும் வரும்போதும் ஆசாரியன் சாகாமல் இருக்க அந்த மணிகள் ஒலிக்க வேண்டும் என்பது விதி.

ஆரோன் மலையுச்சியில் செத்தார். இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். கீழே நின்றவர்களுக்கு யாரும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. தெரிந்த உடை தெரியாத நடையோடு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. முப்பது நாள் அழுதார்கள்.

அழுது முடித்துக் கிளம்பினால் பாதை தெற்கே, செங்கடலை நோக்கித் திரும்புகிறது. வந்த வழியே மறுபடியும். பொறுமை போய் வாய் திறந்தவர்களை மணலுக்கடியிலிருந்து வேறொன்று பார்த்துக்கொண்டிருந்தது. நம் தமிழ் பைபிள் அதைக் கொள்ளிவாய்ச் சர்ப்பம் என்று அழைக்கிறது. 1969இல் இந்தப் பாதைக்கு அருகே, திம்னாவின் செம்புச் சுரங்கங்களுக்கு நடுவே ஒரு பழங்கோயிலைத் தோண்டியபோது, தலைக்குப் பொன்முலாம் பூசிய ஒரு சிறு செம்புப் பாம்பு வெளிப்பட்டது. அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)